பதினேழாம் எண்ணின் சுண்டுவிரல்

அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு டைமர் தொங்கும். தீப்பெட்டி அளவு, வெள்ளை பிளாஸ்டிக், கறுப்புக் கயிறு. ஆய்வகத்தில் மட்டுமல்ல, வீட்டில் பால் காய்ச்சும்போதும், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த அன்று வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிய டைமர் அலறியது. "இருடி, அடுப்புல பால்" என்று என்னை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தொழுநோய் மருத்துவமனையின் பின்கட்டில் உள்ள ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக வேலை. மாமா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். குழந்தை இல்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "தொண்ணூத்தாறு இருக்கு. எல்லாம் ஒரே தட்டுல வளருது" என்பாள். பரிசோதனைத் தட்டில் இருக்கும் தொண்ணூற்றாறு சின்னக் குழிகளைத்தான் அப்படிச் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள்.

வந்த நான்காம் நாளே எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். அலமாரியைத் திறந்து மூடினேன். என் பெட்டியின் பூட்டுச் சாவியை வழியில் எங்கோ தொலைத்திருந்தேன். திறக்காத பெட்டி கட்டிலடியில் கிடந்தது. அக்காவின் பழைய உடைகளைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"நீ நடக்கிற நடையில தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரர் தலையில விழப்போறே. கிளம்பு, என்கூட வா" என்றாள். அப்படித்தான் மருத்துவமனைத் தாழ்வாரத்தின் பச்சை பெஞ்ச் எனக்கு உட்காருமிடம் ஆயிற்று.

அக்கா செய்யும் வேலையை எனக்கு நடந்துகொண்டேதான் விளக்கினாள். அவளும் உட்கார்ந்து பேசுகிறவள் இல்லை.

"தொழுநோய்க் கிருமியை மாத்திரை கொன்னுடும். ஒரு வருஷம் ஒழுங்கா சாப்பிட்டா போதும், கதை முடிஞ்சது. ஆனா செத்த கிருமியோட சக்கை நரம்புக்குள்ள கிடக்கும். உடம்புல காவலுக்கு இருக்கிற அணுக்களுக்கு அது செத்துப்போச்சுன்னு புரியாது. ஒண்ணு இன்னொண்ணுக்குச் செய்தி அனுப்பும். 'வா, இங்க ஆள் இருக்கான்.' வந்ததுங்க இன்னும் நாலு பேரைக் கூப்பிடும். கூட்டம் சேர்ந்து அடிக்கிற அடியில நரம்புதான் சாகும்."

"செய்தின்னா?"

"ஒரு மூலக்கூறு. சின்னப் புரதம். சைட்டோகைன்னு பேரு. அதுல பல வகை. டி.என்.எஃப், இன்டர்ஃபெரான், இன்டர்லூகின்னு. சிலது கூட்டம் கூட்டும், சிலது கலைஞ்சு போங்கன்னு சொல்லும். யாரோட ரத்தத்துல எது எவ்வளவு ஓடுதுன்னு பார்க்கிறதுதான் என் பிழைப்பு."

"ஊர்வம்பு கேட்கிற வேலை."

"அதேதான். சம்பளம் குடுத்துக் கேட்கச் சொல்றாங்க."

அப்படிக் கூட்டம் கூடி நரம்பு வீங்குகிற நிலைக்கு 'ரியாக்ஷன்' என்று பெயர். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள்: முதலில் அதிகம், பிறகு வாரம் வாரமாகக் குறைத்து. அந்த மாத்திரை சாப்பிடும் நாற்பது பேரிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, செய்தி மூலக்கூறுகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் அப்போது நடந்துகொண்டிருந்த ஆய்வு. யாருக்கு எந்த மூலக்கூறு எவ்வளவு என்ற எண்ணை, ஆய்வு முடியும்வரை, நோயாளிக்கும் சொல்லக்கூடாது, டாக்டருக்கும் சொல்லக்கூடாது. ரத்தம் எடுப்பவரும் தட்டைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்றும் விதி. ஆனால் இரண்டாவது ஆள் இடம் இரண்டு வருடமாகக் காலி. இரண்டையும் அக்காவே பார்த்தாள். கை உணர்வைச் சோதிக்கும் பிசியோதெரபி பெண் பிரசவ விடுப்பில் போனதும் அதுவும் அக்கா தலையில் விழுந்தது.

தட்டில் அவள் வேலை செய்வதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். துளியை அளந்து விடும் எட்டு முனைப் பிப்பெட்டைக் குழிகள்மேல் நிறுத்துவாள், அழுத்துவாள், நகர்வாள். நிறுத்து, அழுத்து, நகர். தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சீர். டைமர் அடித்ததும் நீலமாக இருந்த குழிகளில் அமிலத்தை விடுவாள், எல்லாம் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மூலக்கூறு. மருத்துவமனையிலேயே அவளுடைய தட்டுகளில்தான் பிழை குறைவு என்று பெரிய டாக்டரம்மா சொல்வாராம். அந்தச் சீரைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. அவளிடம் நான் பார்த்த ஒரே கர்வம் அதுதான்.

ரத்தம் எடுக்கும் வியாழக்கிழமைகளில் முதலில் வருகிறவர் சாவிக்காரர். ஆய்வில் அவர் எண் பதினேழு. மார்க்கெட் திருப்பத்தில் நாற்காலி அகலத்தில் ஒரு கடை, பின்னால் வீடு, மேலே பெரிய தகரச் சாவி. ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அரம். கிருமிக்கான மருந்தை முடித்துவிட்டார். அடுத்த மாதமே வலது முழங்கையில் நரம்பு தடித்து, மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போயின. ரியாக்ஷன். ஸ்டீராய்டு தொடங்கி இருபது வாரம் ஆகிறது, கை தேறிவிட்டது என்று அக்கா சொன்னாள்.

அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் உள்ளங்கையிலும் விரல்களிலும் பத்து இடத்தில் தொடுவாள். தெரிந்தால் "ம்" என்று சொல்ல வேண்டும். பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ம். ம். ம். ஒரே இடைவெளி. பாட்டு வகுப்பில் தாளம் போடுவதுபோல இருக்கும்.

"பாஸா மேடம்?" என்பார் கடைசியில்.

"பத்துக்குப் பத்து அண்ணே. டிஸ்டிங்ஷன்."

"பள்ளிக்கூடத்துல வாங்காததை எல்லாம் உங்ககிட்ட வாங்கிட்டேன் பாருங்க."

முகம் பந்துபோல உப்பியிருந்தது, ஸ்டீராய்டு செய்கிற வேலை. "கடைக்கு வர்றவன் எல்லாம் கேட்கிறான், 'என்ன, மாமியார் வீட்டுச் சாப்பாடா?'ன்னு. எப்ப மேடம் இதை நிறுத்துவீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

அடுத்த திங்கள்கிழமை, வீட்டில் இருக்க முடியாமல், கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். வேறு எங்காவது கிளம்பிவிடலாம் என்று ஒரு எண்ணம் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

"மேடத்தோட தங்கச்சிதானே? உட்காரும்மா" என்று ஸ்டூலைத் தள்ளினார். வளைந்த கம்பியால் நெம்பிப் பூட்டைப் பெட்டியிலிருந்து கழற்றினார். அதன் துவாரத்தில் வெற்றுச் சாவியை நுழைத்துத் திருகினார், வெளியே எடுத்து வெளிச்சத்தில் அதன்மேல் விழுந்த தடத்தைப் பார்த்தார், அரத்தை எடுத்தார். பேச்சு நிற்கவில்லை. நான் போன ஊர்களில் எல்லாம் என்ன மாதிரிப் பூட்டு போடுகிறார்கள் என்று கேட்டார். சாவி விழுந்தது. எடுத்தார். திரும்ப விழுந்தது. மூன்றாம் முறை கட்டைவிரலை வளைத்து, நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தார். அராவும்போது அரம் வழுக்கியது. அவர் தொடர்ந்து அராவிக்கொண்டிருந்தார்.

சாவியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பிறகு மேசையில் விரித்த காகிதத்தில்.

"அண்ணே, ரத்தம்."

"எங்க?" என்று என் கையைப் பார்த்தார்.

"உங்க சுண்டுவிரல்ல."

அவர் திருப்பிப் பார்த்தார். விரல் நுனித் தோல் ஒரு பட்டாணி அளவுக்குச் சீவப்பட்டிருந்தது. அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு துணியோடு வந்தார். அவசரப்படவில்லை, துணி தயாராக இருந்ததுபோல இருந்தது.

"இந்த வாரத்துல ரெண்டாவது" என்றார் அந்த அம்மா, என்னிடமா அவரிடமா என்று தெரியவில்லை.

"நீ உள்ள போ." பிறகு என்னிடம், "மேடத்துகிட்ட சொல்லிடாதம்மா. இன்னும் ரெண்டே ரெண்டு வியாழக்கிழமை. மாத்திரையை நிறுத்திடுவாங்க."

பூட்டையும் பாதிச் சாவியையும் அவரிடமே விட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். நேராக வீட்டுக்குப் போகவில்லை. மார்க்கெட்டை இரண்டு முறை சுற்றினேன். பஸ் நிலையத்தில் புறப்படும் நேரங்களை எல்லாம் வாசித்தேன். சொல்லாதே என்று ஒருவர் கேட்டதைச் சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தக் கை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாய்ப்பே இல்ல" என்றாள் அக்கா. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "பதினேழு தூங்குதுடி. டி.என்.எஃப் தரையில கிடக்கு. என் தட்டு பொய் சொல்லாது."

"விரல்ல ரத்தம் வந்தது அவருக்குத் தெரியலக்கா."

"போன வியாழக்கிழமை பத்துக்குப் பத்து."

"நீ தொடுறது தாளம் மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு யார் வேணா 'ம்' சொல்லலாம்."

அவள் கை நின்றது. சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், பால்கனிக்குப் போனாள். டைமரைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"செருப்பைப் போடு" என்றாள்.

கடையில் அவள் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்தாள். "மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவுல இதை இறுக்கிப் பிடிங்க அண்ணே." பிடித்தார். அவள் மெல்ல இழுத்தாள். புத்தகத்தில் வைத்த காகிதத்தைப்போல டிக்கெட் வந்துவிட்டது. இன்னொரு முறை. அப்போதும் வந்தது.

"எத்தனை நாளா?"

சாவிக்காரர் தகரச் சாவியை நிமிர்ந்து பார்த்தார். பதில் சொன்னது அவர் மனைவி. அலமாரியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள் உருண்டன.

"மூணு மாசமா இப்படித்தான். தினமும் சாப்பிட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள், ரெண்டு நாள் விட்டு ஒருநாள். கேட்டா முகம் வீங்குதாம். மிச்சம் பிடிக்கிறதை டப்பாவுல போடுவார். உங்ககிட்ட வர்றதுக்கு மூணு நாள் முன்னால சேர்த்து முழுங்குவார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி."

"எதுக்கு அண்ணே?"

"நம்பர் நல்லா வரணும்ல மேடம்" என்றார் அவர். "நீங்கதானே சொன்னீங்க. எட்டாவது வாரம். 'உங்க நம்பர் அழகா இறங்கிடுச்சு, இப்படியே போனா சீக்கிரம் மாத்திரையை நிறுத்திடலாம்'னு. அன்னிக்கு நான் வீட்டுக்கு நடந்து போகலை, பறந்துதான் போனேன். அது மறுபடி ஏறிடக்கூடாதேன்னுதான்."

"விரல்?"

"முதல்ல தேறிடுச்சு. மறுபடி மரத்தப்போ, மெதுவா வந்துடும்னு நினைச்சேன். நீங்க தொடுறது எப்ப வரும்னு தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன்."

தெருவில் ஒரு ஆட்டோ நின்று, யாரோ வீட்டுச் சாவியை நகல் எடுக்கக் கேட்டார்கள். "கடை இல்ல, நாளைக்கு வாங்க" என்றார் அந்த அம்மா. அக்கா மாத்திரைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். நாற்பத்தியிரண்டு. எண்ணி முடிக்கும்வரை யாரையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். நான் ஓட வேண்டியிருந்தது. "டாக்டரம்மாகிட்ட சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"நான் நம்பரைச் சொன்னது தெரிஞ்சுபோகும். பதினேழோட ரத்தம் அத்தனையும் ஆய்வுலேருந்து போகும். நானும் போகலாம்."

"சொல்லலேன்னா?"

"நரம்பு செயலிழந்து ஆறு மாசத்துக்குள்ள பிடிச்சா பாதிக்கு மேல திரும்ப வாய்ப்பிருக்கு. தாண்டினா இல்ல. மூணு மாசம் போயாச்சு." சாலையைக் கடந்தாள், நான் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். வண்டிகளுக்கு நடுவிலிருந்து அவள் குரல் வந்தது. "இதுல யோசிக்க என்ன இருக்கு, வாடி."

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பச்சை பெஞ்சில் இருந்தேன். கதவு சரியாக மூடவில்லை.

"நீங்க நம்பரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம்."

"ஏன்?"

"சந்தோஷமா இருந்தது. அதுவரைக்கும் யாருக்கும் அப்படி இறங்கினதில்ல. வாய்ல வந்துடுச்சு."

உள்ளே காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"கை நல்லா இருக்குன்னு உங்க தாளைத்தான் நானும் பார்த்தேன்" என்றார் டாக்டரம்மா கடைசியில். "கையைப் பார்க்கல. அது என்மேல இருக்கட்டும். அவரை இன்னிக்கே வரச் சொல்லுங்க. மாத்திரையை இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டதுக்கு உடம்பு இதோட விட்டதே பெருசு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். விரல் திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நடந்ததை எழுதிக் குடுங்க, ஆய்வுக் கோப்புல போகணும். அப்புறம், ரத்தம் எடுக்கிறவங்க இனிமே தட்டு ஓட்டக்கூடாது. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

பதினான்கு வருடத் தட்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆளுங்களைப் பார்க்கிறேன் மேடம்" என்றாள் அக்கா.

அவள் எழுதிக் கொடுத்தது பதினொரு வரி. கடைசி வரியை எனக்குக் காட்டினாள்: 'தொடும் இடைவெளி எப்போதும் சமமாக இருந்ததால் நோயாளியால் ஊகிக்க முடிந்தது.' கர்வப்பட்ட ஒன்றைக் குற்றமாக எழுதுகிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வாரங்களில் என் உள்ளங்கை அவளுடையதாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும், "கண்ணை மூடு" என்பாள். இழையால் தொடுவாள். நான் "ம்" என்பேன். சில நிமிடங்களில் அந்தச் சீர் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"மறுபடி தையல் மெஷின்" என்பேன்.

"சனியன்" என்று எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள். பாட்டு ஒன்றைத் தப்பான தாளத்தில் முணுமுணுத்துப் பார்த்தாள். மனத்துக்குள் தொலைபேசி எண்களைச் சொல்லி, அந்த இலக்கத்துக்கு ஏற்றபடி காத்திருந்து பார்த்தாள். எதற்கும் கை பழகவில்லை. ஒருநாள் டைமரைக் கழற்றி மாமாவின் லாரிச் சாவி தொங்கும் ஆணியில் மாட்டினாள். அன்று கொஞ்சம் தேவலை.

"பெட்டியை என்ன பண்ணப்போறே? சுத்தியல் எடுத்து ஒரு போடு போட்டா பூட்டு தெறிச்சிடும்" என்றாள் இடையில்.

"பூட்டு அவர்கிட்டல்ல இருக்கு."

"அப்ப பெட்டி திறந்துதானேடி கிடக்கு, லூசு."

அது உண்மைதான். ஆறு வாரமாகப் பூட்டில்லாத பெட்டி கட்டிலடியில் கிடந்தது. சாவி வரட்டும் என்று நான் அதைத் தொடாமலே இருந்தேன்.

சாவிக்காரர் இப்போது முழங்கை மடங்காமல் இருக்க ஒரு சிம்பு கட்டிக்கொண்டு வந்தார். முகம் முன்னைவிட உப்பியிருந்தது. மாத்திரைக்கு அவர் மனைவி பொறுப்பு. தினமும் கண்ணெதிரே முழுங்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாராம். கடையில் அந்த அம்மாதான் அராவுகிறார், இவர் தடம் பார்த்துச் சொல்கிறார். "என்னைவிட நல்லா அராவுறா. அதைச் சொன்னா தலைக்கு ஏறிடும்னு சொல்றதில்ல" என்றார்.

மாத்திரையை முதலிலிருந்து தொடங்கிப் பதினாறாவது வாரம். தாழ்வாரத்துப் பெஞ்ச். அறைக்குள் அவர் கண்ணை மூடிக் கையை மேசைமேல் நீட்டியிருந்தார். அக்கா எதிரில் நின்றாள், கழுத்தில் எதுவும் இல்லை.

கட்டைவிரலடியில் தொட்டாள். "ம்." உடனே இன்னொன்று. "ம்." பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒருவர் சக்கர நாற்காலியைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா இழையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. சும்மா நிற்பது அவளுக்கு அவ்வளவு கஷ்டம். சாவிக்காரரின் உதடு ஒருமுறை பிரிந்து மூடியது. "ம்" சொல்லவில்லை.

மோதிர விரல். "ம்."

உள்ளங்கை ஓரம். சற்றுப் பொறுத்து, "ம், லேசா."

சுண்டுவிரல் நுனி, பழைய வடு இருந்த இடம். மெல்லிய இழை வளைந்தது. ஒன்றுமில்லை. அடுத்த தடிமன். ஒன்றுமில்லை. அக்கா மூன்றாவது இழையை எடுத்தாள். என் கையிலிருந்த காகித டம்ளரை எப்போது நசுக்கினேன் என்று தெரியவில்லை.

அவர் புருவம் சுருங்கியது. பூட்டுக்குள் வெற்றுச் சாவியைத் திருகும்போது அப்படித்தான் முகம் வைத்துக்கொள்வார்.

"ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு மேடம். தூரத்துல. நிச்சயமா சொல்ல முடியல."

தாளில் சரி, தவறு என்று இரண்டே கட்டம். அக்கா இரண்டுக்கும் நடுவில், கோட்டின்மேலேயே, அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்.

"பாஸா?" என்றார் அவர், கண்ணைத் திறந்து.

"இது பரீட்சை இல்ல அண்ணே" என்றாள். "கண்ணை மூடுங்க. அந்த விரலை இன்னொரு தடவை பார்க்கிறேன்."